பழம் சொன்ன டிராக்டர்

ஆட்டையாம்பட்டி ரோட்டில் அப்படியொரு கூட்டம்! தேர்த் திருவிழா என்று நினைத்துவிடாதீர்கள். அது ஜெகதீஸ்வரன் பழைய டிராக்டர் விற்கிற இடம். கூட்டத்துக்குக் காரணம் அவனுடைய மச்சான், பானட் சாமியார்.

மற்ற ஊர்களில் சாமியிடம் பூக் கேட்பார்கள். இங்கே பழம் கேட்டார்கள். டிராக்டரின் பானட் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துச் சாமியார் கண்ணை மூடுவார். பழம் வண்டிக்கு வலப்பக்கம் உருண்டால் வாங்கலாம். இடப்பக்கம் உருண்டால் வாங்கியவன் வம்சமே விளங்காது. ஜெகதீஸ்வரனின் பதினாறு வண்டிகளுக்கும் வலப்பக்கமே உருண்டது. என்னே தெய்வ சங்கல்பம்! கிளட்ச் எப்படி என்று கேட்ட ஒருவரை, "சாமியே சொல்லிட்டாரு, உனக்கென்னய்யா கிளட்ச்சு?" என்று கூட்டமே விரட்டியது.

பரமத்தி வேலூரிலிருந்து மருதாசலமும் அவர் மனைவி பொன்னாத்தாளும் வந்திருந்தார்கள். வாழைக்கு நடுவே ஓட்ட ஒரு சின்ன டிராக்டர் வேண்டும். மூன்று கறவை மாடுகளை விற்ற பணம் பொன்னாத்தாளின் மடியில் இருந்தது. வண்டி சொதப்பினால் மாடும் இல்லை, உழவும் இல்லை.

பழம் வலப்பக்கம் உருண்டது. மருதாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பணத்தை எடு, பொன்னா!"

அவள் எடுக்கவில்லை. கீழே விழுந்த பழம் நிற்காமல் மேற்கு வேலிவரை உருண்டு போவதையே பார்த்தாள். வண்டியை விட்டு இறங்கிய பழத்துக்கு இன்னும் என்ன உத்தரவு?

"சாமி, தெக்கு எமன் தெசையாச்சுங்களே, அதப் பாத்து நிக்கற வண்டிய எப்படீங்க வாங்கறது? வடக்குப் பாத்துத் திருப்பி வெச்சு இன்னொருக்கா கேளுங்க."

தெற்கு என்றதும் கூட்டம் பதறிப்போனது. "ஆமாங்க, திருப்புங்க!" சாமியாரால் மறுக்க முடியவில்லை. தெய்வமே ஒப்புக்கொண்ட வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எட்டுப் பேர் தள்ளித் திருப்பினார்கள்.

மறுபடி பழம் வைத்தார். அது மறுபடியும் மேற்கேதான் உருண்டது. ஆனால் இப்போது வண்டிக்கு அது இடப்பக்கம்!

"சாமி மனசு மாறிட்டாரு," என்றார் சாமியார். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்தது.

"சாமி மாறலீங்க. தரை சரிவு! அதான் எல்லா வண்டியயும் தெக்குப் பாத்தே நிறுத்தி வெச்சிருக்காங்க!" பொன்னாத்தாள் பாட்டில் தண்ணீரைக் கீழே கவிழ்த்தாள். தண்ணீரும் மேற்கே ஓடியது. அதன் காதில் எந்தச் சாமியார் மந்திரம் ஓதினாரோ!

கூட்டம் கொந்தளித்தது. சாமியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். "அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க," என்றான் ஜெகதீஸ்வரன். தங்கையைக் கட்டிக்கொடுத்தவன் சொன்ன சொல் இது.

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது ஒருவர் பவ்யமாகக் கேட்டார்: "அக்கா, அப்ப எந்தப் பக்கம் பாத்து நிறுத்துனா பழம் பொய் சொல்லாதுங்க?"

பொன்னாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பழத்த ஊறுகா போடுய்யா! வண்டிய மெக்கானிக்குகிட்டக் காட்டு. யோசிக்கறதுக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கறயல்ல? அது தலப்பா கட்ட மட்டுமா?"