ஒன்றுக்குப் போனால் ஒரு கைதட்டல்

"போயிட்டான்! போயிட்டான்! இங்க வந்து பாரேன், சரியா நடுவுல போயிருக்கான்!"

ஹாலிலிருந்து கணவர் போட்ட கூச்சலில், கடைக்காரம்மா கையிலிருந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். என்னவோ ஏதோ என்று வந்தவளுக்குக் காணக் கிடைத்தது ஒரு மூத்திரக் குட்டை.

பால்கனிக் கதவோரம் விரித்திருந்த பஞ்சு விரிப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பக்கத்தில் அந்த ஈரத்தின் சொந்தக்காரன், ஒரு பிரெஞ்சு புல்டாக் குட்டி. வௌவால் காது, கதவில் மோதிக்கொண்ட மாதிரி சப்பை மூக்கு, கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. எதிரே முழங்கால் போட்டு உட்கார்ந்து அவள் கணவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"என் துரை! என் தங்கம்! என்ன சமத்து, என்ன சமத்து!"

கடைக்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அவள் கணவர் டிரைவிங் மாஸ்டர். அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் ஊரில் ஏகப்பட்ட பேர். அவரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டு இனிப்போடு வந்து நிற்பவனிடமும், "ம், பரவால்ல. ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியப் பாரு" என்பார். வீட்டில் அந்த "பரவால்ல"கூடக் கிடையாது. இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் வைத்ததையெல்லாம் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். தட்டு பளிச்சென்று இருக்கும், வாயிலிருந்து ஒரு சொல் வராது. "எப்படி இருக்கு?" என்று அவளாக வெட்கத்தை விட்டுக் கேட்டால், "உப்பு கொறஞ்சா சொல்ல மாட்டேனா?" என்பார்.

அன்று மத்தியானம்தான் அவள் தன் சலவைக் கடையில் பெரிய காரியம் ஒன்று சாதித்திருந்தாள். ஒரு வெள்ளைக் கம்பளிக் கோட்டில் கிரீஸ் கறை. போகவே போகாது என்று மற்றக் கடைகள் கைவிரித்துவிட்டன. மாவைத் தூவி எண்ணெயை இழுத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி, கறை இருந்த இடமே தெரியாமல் எடுத்துவிட்டாள். கோட்டுக்காரர் கண்கலங்கிப் போனார். வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் அதைச் சொன்னபோது மாஸ்டர் சொன்னது, "ம்."

கறையை எடுத்தவளுக்கு "ம்". கறை போட்டவனுக்குக் கைதட்டல்.

"என்னங்க, அது மூத்திரந்தானே போயிருக்கு? பரீட்சையா பாஸ் பண்ணியிருக்கு?"

"மெதுவாப் பேசு. அவன் மனசு கஷ்டப்படும்."

மனசாம். கடைக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்.

போன மாதம்தான் மாஸ்டர் கேட்காமல் கொள்ளாமல் இந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து துரை என்று பேரும் வைத்தார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நாய்ப் பயிற்சி வகுப்பு. பயிற்சிக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு. குட்டி தூங்கி எழுந்ததும் விரிப்புக்குக் கூட்டிப்போ. சாப்பிட்டதும் கூட்டிப்போ. சரியாகப் போனால் அந்த நொடியே பாராட்டு. தப்பினால் திட்டாதே. சம்பாதித்துப் போடுகிற பெண்டாட்டி ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால் வீடு அதிரக் கத்துகிற மனுஷர், இந்தக் கடைசி விதியை எப்படித்தான் விழுங்கினாரோ.

சக்களத்தி என்று ஒருத்தி வந்திருந்தாலாவது குடுமியைப் பிடித்து வெளியே தள்ளலாம். இது ஆணாய்ப் பிறந்த சக்களத்தி. பிடித்துத் தள்ள ஒழுங்கான வால்கூட இல்லை.

மறுநாள் காலையில் கடைக்காரம்மா, "கால்ல தட்டுது" என்று சொல்லிக்கொண்டு விரிப்பைக் குளியலறை வாசலுக்கு மாற்றினாள். துரை எழுந்தது, சோம்பல் முறித்தது, நேராகப் பழைய இடத்துக்குப் போய் வெறும் தரையில் பெய்தது. இப்போது விழும் பார் திட்டு என்று அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

திட்டு விழுந்தது. அவளுக்கு.

"எடத்த மாத்தினா அவன்கிட்டச் சொல்ல வேணாமா?"

"நாய்கிட்ட எப்படிங்க சொல்றது?"

"நான் சொல்றேன் பாரு."

மாஸ்டர் கைகளைத் தரையில் ஊன்றித் தவழ ஆரம்பித்தார். பால்கனிக் கதவிலிருந்து குளியலறை வரைக்கும் தவழ்ந்து, திரும்பிப் பார்த்து, "வாடா செல்லம், இப்படி வா" என்று வழிகாட்டினார். துரை பின்னாலேயே குடுகுடுவென்று ஓடியது. பரபரப்பான தெருவைக் கடக்கும்போதுகூட அவளுக்குக் கை கொடுக்காமல் முன்னால் போய்விட்டு, "என்ன அங்கயே நிக்கிற?" என்று கேட்பவர் இவர். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தரைய வினிகர் போட்டு நல்லாத் தொடைச்சிடு. வாடை இருந்தா அதான் தன் இடம்னு அவன் நெனச்சுக்குவானாம். உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே."

இதைப் பாராட்டில் சேர்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சேரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. எப்பேர்ப்பட்ட வாடையையும் போக்கத் தெரிந்தவளுக்கு, போக்காமல் விடவும் தெரியும். அன்றிலிருந்து துரை எங்கே நனைத்தாலும் அவள் வெறும் தண்ணீரைத் தொட்டு ஒப்புக்குத் துடைத்தாள். ஒரு தடவை சோபாவின் காலடியில் ஈரமாயிற்று. துரை மறுநாளும் மோந்துகொண்டு அங்கேயே வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அந்த இடம் அதற்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இனி நாயைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவள் கணக்குப் போட்டாள். மாஸ்டர் தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குக் குடிபோனார்.

"விடியறதுக்குள்ள எழுந்து அவன வெளிய கூட்டிப் போகணும். நான் பக்கத்துல இருந்தாத்தான் அவனுக்கும் தைரியம்."

"எனக்கு தைரியம் வேணாமா?"

"உனக்கென்ன? நீ சமாளிச்சுப்ப."

கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டாத திட்டில்லை அவர் குறட்டையை. இப்போது ஹாலில் அவர் ஒரு குறட்டை விட்டால், சப்பை மூக்கு எதிர்க்குறட்டை விட்டது. நல்ல ஜோடிப் பொருத்தம். கடைக்காரம்மா தனியாகப் படுத்துக்கொண்டு, என் குறட்டையை இந்த நாய் பறித்துக்கொண்டதே என்று பொருமினாள்.

இதற்கு நடுவில் குட்டிக்கு எப்படியோ புத்தி வந்துவிட்டது. விடியற்காலை நடைக்குப் பலன் கிடைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஒழுங்காக விரிப்பில் போக ஆரம்பித்தது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

அந்த அக்காவிடமிருந்துதான் மாஸ்டருக்கு அந்த "ம்" வந்திருக்க வேண்டும். குடும்பச் சொத்து. அவளையே அசத்தப் போகிறார் என்றால் இனி நாயைக் கையில் பிடிக்க முடியாது. கடைக்காரம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் துரையின் தண்ணீர்க் கிண்ணத்தில் எலும்பு வேகவைத்த சாற்றைக் கொஞ்சம் ஊற்றினாள். துரை நக்கியது. கிண்ணம் காலியாக, அவள் மறுபடி நிரப்பினாள். துரைக்கு வயிறு பீப்பாய் மாதிரி ஆன பிறகுதான் அவள் கையும் ஓய்ந்தது.

நாத்தனார் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். புதுத் தோல் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தவள், பையை மூடாமலே காலடியில், துரையின் பழைய பட்டா நிலத்தில், வைத்தாள்.

"இப்பப் பாருக்கா. தூங்கி எழுந்தான்னா அங்க இங்க பார்க்க மாட்டான். நேரா போவான்."

துரை எழுந்தது. அங்கே இங்கே பார்க்கவில்லை. நேராகத்தான் போனது. கைப்பைக்கு மேலே காலை அகட்டி நின்று, நிதானமாக, யாரையும் அவசரப்படுத்தாமல், காலையிலிருந்து குடித்ததையெல்லாம் உள்ளே விட்டது. அந்தச் சத்தம் ஓயவே வெகு நேரம் பிடித்தது.

"டேய்," என்றாள் நாத்தனார் கடைசியில். "இதக் காட்டவாடா என்னை வரச் சொன்ன?"

மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது. கடைக்காரம்மா "அண்ணி, பையக் குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ஓடினாள். இந்தத் தடவை வெறும் தண்ணீர் இல்லை, தன் வித்தை அத்தனையும் இறக்கினாள். பை புதுசைவிடப் புதுசாகத் திரும்பி வந்தது. நாத்தனாரே அதைத் திருப்பித் திருப்பி மோந்து பார்த்து, "ம், பரவால்ல" என்றாள். மாஸ்டர் அதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மறுநாள் துரை விரிப்பின் நட்டநடுவில் போய்விட்டு, காதை நிமிர்த்திக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தது. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அவர் சொன்னார்: "ம்."

கடைக்காரம்மாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. துரைக்கு நம்பிக்கை விடவில்லை, இன்னும் பார்த்துக்கொண்டே நின்றது. அந்த நிற்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவம் பார்த்தால் பிழைப்பு நடக்குமா? சாயங்காலம் மெத்தை படுக்கையறைக்குத் திரும்பியது. குறட்டையும் கூடவே வந்தது.

இரண்டொரு நாள் கழித்து மாஸ்டர் ஒரு விசிலை அவளிடம் நீட்டினார்.

"இத அந்தப் பயிற்சிக்காரர்கிட்டக் குடுத்துடு. உன் கடைக்குப் போற வழிதானே. நான் இனிமே வகுப்புக்கு வரலன்னு போன்லயே சொல்லிட்டேன்."

அவள் அன்று நடந்து போகவில்லை, மிதந்து போனாள்.

பயிற்சி மைதானத்தின் கேட்டைத் திறந்து உள்ளே வந்து சாத்தியதும், "அடடா, கேட்ட மறக்காம சாத்தினீங்களே, சமத்து!" என்று ஒரு குரல் கேட்டது. பெரிய மீசையும், பிஸ்கட்டால் உப்பிய சட்டைப் பையுமாகப் பயிற்சிக்காரர் வந்தார். நாய்களோடு பழகிப் பழகி, பார்ப்பவரையெல்லாம் பாராட்டாமல் இருக்க அவரால் முடிவதில்லை. கடைக்காரம்மா தன்னைச் சொல்லிக்கொண்டு விசிலைக் கொடுத்தாள்.

"நாய் உருப்படாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் விட்டுட்டார்," என்றாள், சந்தோஷம் குரலில் எட்டிப் பார்க்காமல் அடக்கிக்கொண்டு.

"நாய்க்கு என்னம்மா, எல்லாக் குட்டியும் போகப் போகப் பழகிடும். கஷ்டப்பட்டது சார்தான். மொத நாள் 'சமத்து'ன்னு சொல்றதுக்குள்ள அவருக்கு வாய் கோணிடுச்சு, வேர்த்துக் கொட்டிடுச்சு. தினம் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாருங்கன்னு அனுப்பி வெச்சேன்."

"ஒரு நாய்க்காகவா இத்தனை பாடு?"

"நாய்க்காகவா?" பயிற்சிக்காரர் சிரித்தார். "உங்ககிட்டச் சொல்லவே இல்லையா? 'வீட்டுக்காரிய இத்தனை வருஷமா ஒரு வார்த்தை பாராட்டினதில்ல. மனசுல இருக்கு, வாய்க்கு வரமாட்டேங்குது. மொதல்ல நாய்கிட்டச் சொல்லிப் பழகிட்டு, அப்புறம் அவகிட்ட ஆரம்பிக்கறேன்'னுதானே குட்டியே வாங்கினாரு?"

கடைக்காரம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்... ஏன் நிறுத்திட்டார்?"

"அதான் போன்ல சொன்னாரே: 'பாராட்டிப் பாராட்டி நாயே கெட்டுப்போச்சு, தங்கமாட்டம் இருக்கறவ, அவளயும் எதுக்குக் கெடுக்கணும்'னு!"