மதுராந்தகம் ஏரியில் சம்பந்தி பிடிக்கப் போனது

கோவளம்,
பிப்ரவரி 1956

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கியாசுதீன் அவர்களுக்கு, கோவளம் கருவாட்டு மண்டி அப்துல் கையூம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே உங்கள் தங்கை சுல்தான் பீவியும் உங்கள் மருமகள் ஜஹனாராவும் சுகமாக இருக்கிறார்கள். நான் சுகமாக இல்லை. எனக்கு இடது காலில் கருவேல முள், முதுகில் வெயில் கொப்புளம், எத்தனை முறை குளித்தாலும் போகாத சேற்று நாற்றம். இத்தனைக்கும் காரணம் நீங்கள். செங்கல்பட்டில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள்தான் ஏரிக்கு வரவில்லையே.

என் மகள் ஜஹனாராவுக்கு இந்த வரனைக் கொண்டுவந்தது நீங்கள். பையன் ரயில்வேயில் குமாஸ்தா, தலை நிமிர்ந்து பேசாதவன் என்றீர்கள். சரி என்றேன். தகப்பனார் மைதீன் சாகிபு ஊட்டியில் வெள்ளைக்காரர் கிளப் ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், துரைமார்களோடு ட்ரௌட் மீன் பிடித்துப் பழகியவர், பெரிய மனிதர் என்றீர்கள். அதற்கும் சரி என்றேன். அந்தப் பெரிய மனிதர் பெண் பார்க்க வந்த அன்று என்ன செய்தார் என்பதை நீங்களும்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள். வாசல்படி தாண்டியதிலிருந்து மூக்கில் கைக்குட்டை. "வீடெல்லாம் கருவாட்டு வாசனை வருதே, மிஸ்டர் கையூம்" என்று கேட்டார். கருவாட்டு மண்டிக்காரன் வீட்டில் அத்தர் வாசனையா வரும்? உங்கள் தங்கை விடியற்காலை பஜ்ருக்கே எழுந்து சமைத்த பிரியாணியைப் பரிமாற வந்தபோது, "சம்பந்தம் முடிவாகாம பெண் வீட்டுல கை நனைக்கிறது வழக்கமில்லை" என்று ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார். வழக்கம் எனக்கும் தெரியும் மச்சான். பெண் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அப்புறம் பெண் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் ஊர் காறித் துப்பும். ஆனால் வழக்கத்துக்காகக் கை நனைக்காமல் போவது வேறு, மூக்கைப் பொத்திக்கொண்டு கை நனைக்காமல் போவது வேறு. ஜஹனாரா கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறாள். எனக்குச் சோறு கொண்டுவர மண்டிப் பக்கம் வந்துகொண்டிருந்த பெண், இப்போது வருவதில்லை. இந்தத் தொழிலில் வந்த காசில்தான் அவளை வளர்த்தேன். அவள் தன் தாவணியை மோந்து பார்ப்பதைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு எரிகிறது.

அப்போதாவது நான் விட்டிருக்க வேண்டும். நீங்கள்தான் விடவில்லை. "மச்சான், அந்த ஆள வூட்டுல வச்சுப் புடிக்க முடியாது, ஏரியில வச்சுத்தான் புடிக்கணும். கெண்டையப் போட்டு விராலப் புடிக்கிறது இன்னான்னு உனக்குத் தெரியாதா?" என்றீர்கள். மதுராந்தகம் ஏரியில் தோணி ஏற்பாடு, கூட ஒரு கைடு ஏற்பாடு, மீன் பிடித்த சந்தோஷத்தில் மனிதர் பசியோடு இருப்பார், டிபன் கேரியரைத் திறந்து நீட்டினால் மறுக்க மாட்டார், ஒரு பிடி உள்ளே போனாலும் சம்பந்தம் முடிந்தது என்றீர்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பிறந்ததிலிருந்து மீனை உப்பில் கிடக்கத்தான் பார்த்தவன். உயிரோடு இருக்கிற மீனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்பதை நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இப்போது நீங்கள் அனுப்பிய கைடு விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரையில் போய் நின்றால், கையில் மூங்கில் குச்சியோடு ஒரு ஆள் கும்பிட்டான். பேர் முத்துசாமி. எந்த ஊர் என்று கேட்டேன். மாமல்லபுரம் என்றான். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். வெளியூர்க்காரர்களுக்குக் கல் ரதங்களைச் சுற்றிக் காட்டுகிற வேலை என்றான்! மச்சான், பல்லைப் பிடுங்க ஆள் கேட்டால் மாட்டு வைத்தியரை அனுப்பி வைப்பீர்களா? மீன் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "அத்தப் பத்தி உங்களுக்கு இன்னா பாய் கவலை? எடத்தக் காட்டுறது என் வேலை. புடிக்கிறது உங்க வேலை." தோணியில் ஏறியதும் அந்தக் குச்சியை நீட்டி, "ஐயாமார்களே, எதிரில் காண்பது ஏரி" என்று ஆரம்பித்தான். எதிரில் ஏரியைத் தவிர வேறொன்றும் இல்லை. ராமர் இந்த ஏரிக்கரையைக் காத்த கதையை முழுசாகச் சொன்னான். அது முடிந்ததும் நின்றபடியே மறுபடி முதலிலிருந்து சொன்னான், ஏனென்றால் மாமல்லபுரத்தில் அதற்குள் வேறு கூட்டம் வந்துவிடுமாம், பழக்கமாம்.

மைதீன் சாகிபு வந்த கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால்வரை பூட்ஸ், தலையில் துரை தொப்பி, தொப்பியைச் சுற்றி இறகில் செய்த பூச்சி பூச்சியாகத் தூண்டில் முட்கள். ஊட்டி ட்ரௌட் இந்தப் பூச்சியைப் பார்த்துத்தான் ஏமாறுமாம், புழுவைத் தொடாதாம், அவ்வளவு கௌரவமான மீனாம். "உங்க கடல் மீனெல்லாம் எதைப் போட்டாலும் தின்னும். அதான் கடைசியில உப்புல கெடக்குது" என்றார். என் மகளின் முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்த ஏரியில் ட்ரௌட் உண்டா என்று அவர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்க, முத்துசாமி கண்ணை இமைக்காமல், "கீது சார். பல்லவ ராசா ஊட்டிலேருந்து யானை மேல குடத்துல எடுத்தாந்து வுட்டது. தோ, அந்தக் கருவேல மரத்தாண்ட கூட்டமா ஒலாத்திகினு கீது" என்றான். குளிர்ந்து ஓடுகிற தண்ணீரில்தான் அந்த மீன் உயிர் வாழும் என்று அரைமணி நேரமாக எனக்குப் பாடம் நடத்திய மனிதர், "அப்படியா? தோணியை அங்கே விடு" என்றாரே பார்க்கலாம்! ஆசை வந்தால் ஸ்டோர்கீப்பருக்கும் புத்தி மட்டுத்தான்.

அங்கே போய் அவர் தூண்டிலைத் தலைக்கு மேல் சுழற்றினார். ஊட்டியில் அப்படித்தானாம். முதல் சுழற்றலிலேயே முள் என் துருக்கித் தொப்பியில் மாட்டி, தொப்பி பறந்து போய் ஏரி நடுவே விழுந்தது. நான் பதறி எழுந்தால், "ஆடாதீங்க, மீன் கலைஞ்சிடும்!" என்று என்னையே அதட்டினார். என் தொப்பியைக் கொக்கு ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவது சுழற்றலில் முள் கருவேல மரத்தில் மாட்டியது, மூன்றாவதில் முத்துசாமியின் வேட்டியில். பூச்சியால் ஆகாது என்று கண்ட முத்துசாமி, அவரைக் கேட்காமலே அவர் பையைக் குடைந்து, அவர் தனக்கென்று கொண்டுவந்திருந்த பன்களைப் பிய்த்து மீனுக்குப் போட்டான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. இனி அந்த மனிதருக்குச் சாப்பிட நம் டிபன் கேரியரை விட்டால் வேறு கதி இல்லை அல்லவா? பன் முழுவதையும் மீன்கள் தின்றுவிட்டுப் போயின. ஒன்றுகூடத் தூண்டிலைத் தொடவில்லை.

திரும்பலாம் என்றபோதுதான் பெரிய கூத்து. முத்துசாமி தோணிக் கழியைச் சேற்றில் ஓங்கி ஊன்றினான். கழி சேற்றில் நின்றுவிட்டது. அவன் கழியை விட்டுவிட்டான். தோணி மட்டும் நகர்ந்து போய் இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே முட்கிளையில் சிக்கிக்கொண்டது. தலைக்கு மேல் வெயில், சுற்றிலும் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தண்ணீருக்கு நடுவே கழி தனியாக நிற்கிறது. அதையும் குச்சியால் காட்டி, "அதோ காண்பது நம்முடைய கழி" என்றான் அந்தப் பாவி.

நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் தாண்டியது. நான் பிஸ்மி சொல்லி டிபன் கேரியரின் மேல் அடுக்கைத் திறந்தேன். உங்கள் தங்கை கை பிரியாணி, வாசனைக்குச் சொல்ல வேண்டுமா? மைதீன் சாகிபின் தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் கண்டேன். ஆனாலும் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வழக்கம் வழக்கந்தான். தண்ணியில இருந்தாலும் உங்க வீட்டுச் சாப்பாடு உங்க வீட்டுச் சாப்பாடுதான். கருவாட்டு வீட்டுல கை நனைச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது" என்றார். விருந்தாளி சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? நானும் வைத்துவிட்டேன். "ரெண்டு பேரும் வாணாமா? சோத்த வீணாக்குனா பாவம் பாய்" என்று சொல்லி முத்துசாமி மேல் அடுக்கு முழுவதையும் தின்றான், தின்றுகொண்டே பல்லவர் வரலாறு சொன்னான். பெண்ணைப் பெற்றவன் பசியோடு உட்கார்ந்திருக்க, கல் காட்டுகிறவன் பிரியாணி தின்கிற இந்தக் கொடுமையைக் காணத்தான் என்னை ஏரிக்கு அனுப்பினீர்களா மச்சான்?

அதற்கு மேல் தாங்க முடியாமல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நானே தண்ணீரில் இறங்கினேன். கழுத்துவரை தண்ணீர், முழங்கால்வரை சேறு. கால் வைத்த இடமெல்லாம் முள். கழியைக் கட்டிப் பிடித்துப் பிடுங்குகிறேன், பிடுங்குகிறேன், அது வருவேனா என்கிறது. கடைசியில் கழியோடு மல்லாந்து விழுந்து, அதை இழுத்துக்கொண்டு தோணிக்குத் திரும்பி வந்தால், அந்த மனிதர் எனக்கு ஒரு கை கொடுக்கக்கூட எழவில்லை. அதே கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதாவது சேற்றில் விழுந்த என்மேல் இப்போது சேற்று நாற்றமாம்! துரை தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். இவ்வளவு வெயிலில் தொப்பியைப் போடுங்களேன் என்றேன். "காத்து வேணும்" என்றார். கரை சேர்ந்ததும் கை கொடுக்க நீட்டினேன். வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, படாளம் போகிற மாட்டுவண்டி ஒன்றில் தாவி ஏறிக் கிளம்பிவிட்டார். கையைத் தொட்டால்கூடக் கருவாடு ஒட்டிக்கொள்ளுமோ? நான் சட்டை இல்லாமல், தொப்பி இல்லாமல், நீட்டிய கையோடு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜஹனாரா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவுங்க சாப்ட்டாங்களா அத்தா?" இல்லம்மா என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பையன் மேல் மனசு இருக்கிறது என்பது எனக்கு அந்தச் 'சரி'யில்தான் தெரிந்தது. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. ஆகையால் இதன் மூலம் தீர்மானமாகத் தெரிவிக்கிறேன்: இந்தச் சம்பந்தம் வேண்டாம். அந்த மனிதர் கோவளம் வந்து என் மண்டி வாசலில் காத்துக் கிடந்தாலும் வேண்டாம். நீங்களும் இனிமேல் என் வீட்டு விஷயத்தில் கெண்டை, விரால் என்று உவமை சொல்லிக்கொண்டு வர வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் சலாம், சிறியவர்களுக்கு என் துஆ. உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதோடு கொஞ்சம் யோசனையையும் ஆண்டவன் தந்தருள்வானாக.

இப்படிக்கு, மனம் நொந்த
அப்துல் கையூம்

பின்குறிப்பு: மேலே உள்ளதை ஒட்டி வைத்த நேரத்தில் முத்துசாமி கால்வாய்ப் படகில் வந்து இறங்கினான். கையில் மைதீன் சாகிபின் துரை தொப்பி. "பெரியவரு அவசரத்துல தோணிலயே வுட்டுட்டுப் பூட்டாரு பாய். அவுரு வூடு எனக்குத் தெரியாது. உங்க மண்டிய வாசனைய வச்சே கண்டுபுடிச்சிட்டேன்" என்றான். தொப்பியை வாங்கிக் கவிழ்த்தேன். உள்ளே வாழையிலைத் துண்டில் சுருட்டி வைத்த மீன் முள் விழுந்தது. துளிச் சதை இல்லாமல் சப்பிய முள். உங்கள் தங்கை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது நம்ம வாளக் கருவாடுங்க. உங்களுக்கு அது இல்லாம சோறு எறங்காதேன்னு கீழ் அடுக்குல வறுத்து வச்சேன். காலியா வந்துச்சு, நீங்கதான் சாப்ட்டீங்கன்னு நெனச்சேன்." நான் கீழ் அடுக்கைத் திறக்கவே இல்லை மச்சான்! முத்துசாமியின் சட்டையைப் பிடித்தேன். "நான் இல்ல பாய். நீங்க கழி புடுங்கப் போனதும் பெரியவரு கீழ் அடுக்கத் தொறந்தாரு. இது இன்னாடான்னாரு. கருவாடுன்னேன். அப்பால பேச்சே இல்ல. தின்னு முடிச்சிட்டு, அந்த பாயாண்ட சொல்லாதன்னாரு. அன்னிக்கி நான் சொல்லலியே?" என்றான். உள்ளே கதவுக்குப் பின்னால் ஜஹனாரா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிறது!

ஆகவே கோபத்தில் எழுதியதை எல்லாம் தயவு செய்து பொருட்படுத்த வேண்டாம். இந்தக் கடிதத்தோடு தொப்பியையும் முத்துசாமியிடமே கொடுத்தனுப்புகிறேன். முள் உள்ளே அப்படியே இருக்கிறது. அதன் மேல் நல்ல வாளைக் கருவாடாகப் பார்த்து இலையில் கட்டி ஜஹனாராவே வைத்திருக்கிறாள். நீங்கள் நேரே போய் அதைச் சம்பந்தியின் கையில் கொடுங்கள். கருவாடு என்றோ, கை நனைத்தது என்றோ ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், பெரிய மனிதர், கூச்சப்படுவார். நிக்காஹ் தேதி மட்டும் கேட்டு வாருங்கள். மதுராந்தகம் ஏரியில் அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் மாட்டவில்லை என்று யாரிடமாவது சொல்லியிருந்தால், அதையும் மாற்றிச் சொல்லிவிடுங்கள்.