ஆளுக்கு இரண்டு இலக்கம்

வீட்டு லாக்கர் மூன்றாவது தடவையும் தப்பு எண் என்று கீச்சிட்டது. இனி நாளைக்குத்தான் அது வாய் திறக்கும்.

உள்ளே மனைவி அவனுக்கு எழுதிவைத்த கடிதம். பூட்டுக்கு ஆறு இலக்க எண். கண்ணை மூடுவதற்கு முன் அதை மூன்றாக உடைத்து, தன் அம்மா, அண்ணன், எதிர்வீட்டுத் தையல்கார அக்கா என்று ஆளுக்கு இரண்டு இலக்கம் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னாள். எண் இல்லாமலே திறக்கிற அவசரச் சாவியையும் காணோம்.

யோசனை அவனுடையதுதான். கல்லூரியில் அவன் நடத்துகிற பாடமே அது. ரகசியத்தைப் பங்கு போடு. பங்காளி ஒருத்தன் கெட்டாலும் ரகசியம் தப்பும். வீட்டிலும் அதையே அளந்து அவளைத் தூங்கவைத்திருக்கிறான்.

"அறுபத்து மூணு, மாப்பிள்ளை. கையக் கழுவிட்டு உக்காருங்க," என்றார் மாமியார்.

அடுத்த வாரம், "முப்பத்தாறுன்னுல்ல சொன்னேன்? இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

போனில் கேட்டான்.

"ரகசியத்தப் போன்ல பேசுவாங்களா? நேர்ல வாங்க."

மச்சான் வேறு ரகம். "ஒரு ஆட்டம் செஸ் ஆடு மாப்ள, சொல்றேன். தோத்தா சாப்பிட்டுத்தான் போகணும்."

"ஜெயிச்சா?"

"விருந்து."

அவன் விடவில்லை. ஒவ்வொருவரிடமும் ஐந்து தடவை கேட்பது, அதிகம் வந்த விடையே உண்மை என்று நோட்டில் கட்டம் போட்டான். ஐந்து தடவைக்கு ஐந்து எண்கள் வந்தன, ஐந்து சாப்பாட்டோடு. மூன்று பங்காளிகளும் கெட்டால் என்ன செய்வது என்று அவன் பாடத்தில் இல்லை.

கடைசியில் வகுப்பில், 'நம்பகத்தன்மை' என்று முழங்கியபோது பேன்ட் கொக்கி தெறித்து முதல் பெஞ்சில் விழுந்தது. மீதிப் பாடத்தை வருகைப் பதிவேட்டால் வயிற்றை மறைத்தபடி நடத்தினான்.

நேராகத் தையல்கார அக்காவிடம் போனான். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவன் டீயிலேயே உயிர் வளர்க்க, பேன்ட் இடுப்பை இரண்டு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அக்கா டேப்பைச் சுற்றினார். "இருபத்தெட்டு இருந்தீங்க. இப்ப முப்பத்திரண்டு."

"இடுப்பு கிடக்கட்டும்க்கா. நீங்க சொன்ன இலக்கமாவது நிஜமா?"

அக்கா பொத்தான் டப்பாவைத் துழாவி, ஒரு சின்னச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இலக்கம்னு அவ எங்க யாருக்கும் ஒண்ணும் சொல்லல தம்பி. 'இடுப்பப் பிரிச்சு விடணும்னு அவர் வந்து நிக்கிற அன்னைக்கு இதக் குடுங்க'ன்னுதான் சொன்னா."