முள்ளுக்காரரும் கழற்றி எறிந்த கறுப்புப் பட்டையும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஓடும் வாகனங்கள் அனைத்தின் சூட்டையும் தம் ஒரு தலையில் சுமந்தவர் எங்கள் முள்ளுக்காரர். பெற்றோர் இட்ட பெயர் அவருக்கே மறந்திருக்கலாம். சிங்காநல்லூரில் எங்கள் வீதியில், கார் வாங்கிவிட்டு ஓட்டத் தெரியாமல் விழித்த என்னைப் போன்றோருக்கெல்லாம் அவரே ஓட்டுநர். சாலையை அரைக் கண்ணாலும், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளை ஒன்றரைக் கண்ணாலும் பார்ப்பார்.

இளமையில் அவர் ஓட்டிய முதல் வண்டி சூடேறி, எஞ்சின் இறுகி, நடுவழியில் நின்றுவிட்டதாம். அன்று பிடித்த பயம். பயணிகளின் காலடியில் ஆறு பாட்டில் தண்ணீர் உருளும். வண்டியை நிறுத்தும் இடமெல்லாம், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, "லேசாக் கணகணன்னு இருக்குதுங்க" என்பார். முள் ஒரு நூல் ஏறினாலும் போயிற்று. சித்திரை உச்சிவெயிலில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுவதும் திறப்பார். எஞ்சினின் சூடெல்லாம் நம்மிடம் வந்து சேரும். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு திருமணத்துக்குப் பட்டு வேட்டியோடு புறப்பட்ட நான், இட்லிச் சட்டியிலிருந்து எடுத்த நிலையில் போய் இறங்கினேன். முறையிட்டதற்கு, "நீங்க வெந்தா ஆறிக்குவீங்க. எஞ்சின் வெந்தா ஆறாதுங்க" என்றார்.

வண்டிக்குத் தீங்கு செய்தவரை அவர் ஏசும் ஏச்சு நான்கு வீடு கேட்கும். ஆகவே, என் காரின் முன்பம்பருக்கு அடியில் தொங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை எங்கள் வீதி வேகத்தடையில் தினமும் உரசியபோது, அவருக்குத் தெரியாமல், வண்டி கழுவும் கடையில் சொல்லி அதைக் கழற்றி எறிந்தேன். ஊருக்குள் இரண்டு வாரம் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

பிறகு, தாராபுரத்தில் சம்பந்தி வீட்டில் என் மகளுக்கு ஒன்பதாம் மாதக் கட்டுச்சோறு விருந்து. விடியற்காலைக் குளிரில் மெல்ல ஓட்டிப் போனபோது முள் அசையவே இல்லை. விருந்து முடித்து, மதியம் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். குண்டடம் தாண்டியதும் அவள் தன் தாயின் கையை இறுகப் பற்றினாள். வலி கண்டுவிட்டது. குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை, வலி வந்தால் எங்கும் நிற்காமல் நேரே வந்துவிடுங்கள் என்று சிங்காநல்லூர் மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார்.

முள்ளுக்காரர் வேகத்தைக் கூட்டினார். முள்ளும் கூடவே ஏறியது. வேகத்தைக் குறைத்தார், இறங்கியது. மீண்டும் மிதித்தார், சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"ஹீட்டரைப் போடுங்க" என்று நானே மன்றாடினேன்.

"புள்ளத்தாச்சி இருக்குதுங்க. போடமாட்டேன்."

இளநீர்க் கடையொன்றின் நிழலில் நிறுத்தினார். தண்ணீர் குறையவில்லை, விசிறி சுற்றுகிறது, பெல்ட் அறவில்லை. "எப்பவும் நின்னா ஏறும், ஓடுனா இறங்கும். இது ஓடுனா ஏறுதுங்களே" என்றார். சட்டென்று மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்தார்.

"ஏனுங்க, இங்க ஒரு பட்டை இருந்துச்சே. எங்கீங்க?"

"எங்கேயோ விழுந்திருக்கும்" என்றேன்.

"காத்து சோம்பேறிங்க. ரேடியேட்டருக்குள்ள நொழையறதை விட, வேகத்துல வண்டிக்கடியில பூந்து போறது அதுக்குச் சுளுவு. அடியில அடைச்சுட்டு நிக்குது. அந்தப் பட்டை அடிக்காத்தை மறிச்சாத்தான் உள்ள போன சூட்டுக்காத்து கீழ எறங்கும், புதுக்காத்தை இழுக்கும்" என்று அடியிலிருந்தே குரல் வந்தது.

"மாமா, நேரமாகுமுங்களா?" என்று மகள் பல்லைக் கடித்தபடி அவரைக் கேட்டாள்.

"வந்தாச்சு கண்ணு. மூச்சை மட்டும் நல்லா உடு அம்மணி."

வெளியே வந்து, தம் இருக்கையின் காலடியில் கிடந்த கனத்த ரப்பர் விரிப்பை உருவி, இளநீர்க்காரரின் அரிவாளை வாங்கி நீளவாக்கில் அறுத்தார். காலியாக இருந்த திருகுத் துளைகளில் கம்பி கோத்துக் கட்டினார். புறப்பட்டோம். எழுபது கிலோமீட்டர் வேகத்திலும் முள் பாதியிலேயே நின்றது. பல்லடம் கடந்தது, சூலூர் கடந்தது.

மருத்துவமனையில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். என் மனைவி சுவரோரம் கண்மூடி நின்றாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "அந்தப் பட்டையைக் கழற்றச் சொன்னவன் நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க. ஒடைஞ்சு உழுந்திருந்தா துணுக்கு ஒட்டீட்டு இருக்கும். ஒவ்வொரு திருகும் பதனமாக் கழட்டியிருந்துச்சு. புள்ளை முன்னால அப்பனைக் கேக்கறது எப்படின்னு உட்டுட்டேனுங்க." பிறகு ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுநேரம் கழித்து உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டபோதுதான், அதுவரை அவர் கையை நான் விடாமல் பிடித்திருந்ததைக் கவனித்தேன்.