பதினோராவது பாட்டு

சுவரைச் சுற்றி ஐந்து பெட்டிகள், தரையில் தண்டியாக ஒரு வூஃபர். இத்தனை இருந்தும் பாட்டு வந்தது முன்னால் இருந்த இரண்டு பெட்டிகளிலிருந்து மட்டும்தான்.

“மத்ததெல்லாம் என்ன, வேடிக்கை பாக்கவா வந்துச்சு?” என்றார் செபஸ்தியான்.

மூக்கையா ஸ்டூல் மேல் ஏறி, பின்சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

“மூச்சே இல்லண்ணே.”

செபஸ்தியானுக்கு இது மானப் பிரச்சினை. திண்டுக்கல்லில் இருபத்தைந்து வருடமாக மைக்செட் வைத்திருப்பவர் அவர். மாதா தேர்பவனியோ, முத்தாலம்மன் திருவிழாவோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, செபஸ்தியான் குழாயைக் கட்டினால் அடுத்த ஊரில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். மூக்கையா அவரிடம் இருபது வருடமாகக் கம்பம் ஏறுகிறவர். அப்படிப்பட்ட இரண்டு பேர், ஒரு ஹாலுக்குள், காலையில் பூசை முடிந்து வந்ததிலிருந்து திணறிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் லிடியா அனுப்பிய டிஸ்க்கினால் வந்தது.

லிடியா அவருடைய ஒரே மகள். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் கூரியரில் ஒரு டிஸ்க் வந்தது. கூடவே ஒரு சீட்டு: ‘அப்பா, இது சாதாரண சிடி இல்லை. பாட்டு நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் வரும். பதியும்போது எப்படிக் கேட்டதோ, இம்மி குறையாமல் அப்படியே இருக்கும். கவர் பின்னால் என் பேர் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.’

பார்த்தார். எறும்பு ஊர்கிற மாதிரி பொடிப்பொடியாக இங்கிலீஷ். அதற்கு நடுவே ‘லிடியா செபஸ்தியான்’. மகளின் பேரும் தன் பேரும் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு மிச்ச எழுத்தைப் படிக்க அவருக்குப் பொறுமையும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் பேகம்பூர் வரைக்கும் சேதி போய்விட்டது. “என் மக பாட்டுப் பதிஞ்சு டிஸ்க் போட்டிருக்கு!” கவரை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்தார். யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

வீட்டிலிருந்த பழைய பிளேயர் அந்த டிஸ்க்கை உள்ளே வாங்கி, மோந்து பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிட்டது. அதனால் மதுரைக்குப் போய் இந்தச் செட் முழுவதையும் வாங்கி வந்திருந்தார்.

அதில் பாட்டுக் கேட்பது மட்டும் நோக்கமில்லை. அவருடைய அக்கா இஞ்ஞாசியம்மாள் கேட்க வேண்டும். அக்கா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. லிடியா ஒலிப்பதிவு படிக்கப் போகிறேன் என்று சொன்ன வருடம், ஒரு கல்யாணப் பந்தியில் அத்தனை சனத்துக்கு நடுவே அக்கா சொன்னாள்: “அப்பன் கம்பத்துல ஒயர் கட்டுறான். மக ஏசி ரூமுல கட்டப் போறாளாக்கும். பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலை கசக்குதா?”

அன்றைக்குச் செபஸ்தியான் பாயாசத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலை, ஐந்து வருடம் கழித்து, இன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஐந்து பெட்டியும் ஒரு வூஃபரும் சேர்ந்து சொல்வதாக ஏற்பாடு.

மணி பதினொன்றரை. வேறு வழியில்லாமல் மகளுக்குப் போன் போட்டார்.

“பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் எத்தனை ஒயர் வச்சு மாட்டியிருக்கீங்கப்பா?”

“ஒண்ணு. கடைக்காரன் குடுத்தது.”

“அந்த ஒத்தை ஒயர் சினிமாவுக்குத்தான்பா. இந்த டிஸ்க்குக்குப் பத்தாது. பிளேயருக்குப் பின்னாடி ஆறு ஓட்டை இருக்கும். பெட்டிக்கு ஒண்ணா ஆறு ஒயர் தனித்தனியாப் போடணும்.”

“ஆறு என்ன, அறுபது ஒயர் போடுவேன். நான் யாரு?” என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மூக்கையா குடோனுக்குச் சைக்கிளில் போய், பழைய வீடியோ டெக்குக்கு மாட்டுகிற சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் இரண்டு கட்டு எடுத்து வந்தார். ஆறு ஒயர். கணக்கு சரி. ஆனால் சிவப்பு இரண்டு, வெள்ளை இரண்டு, மஞ்சள் இரண்டு. பிளேயர்ப் பக்கம் செபஸ்தியான் ஒரு விதமாகவும் ஆம்ப் பக்கம் மூக்கையா ஒரு விதமாகவும் சொருகினார்கள்.

பாட்டைப் போட்டதும் பாடகி சோபாவுக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள் விழுந்தவள் மாதிரி முனகினாள். அவள் குரல், கும்மென்ற அடிச்சத்தத்துக்கு மட்டுமான வூஃபருக்குப் போயிருந்தது. மிருதங்கம் பின்னாலிருந்து வந்து பிடரியில் அடித்தது.

அடுப்படியிலிருந்து செபஸ்தியானின் மனைவி ஜோஸ்பின் எட்டிப் பார்த்தாள். “யாருக்குங்க முடியல?”

“உன் மக பதிஞ்ச பாட்டுடி!”

“புள்ளை நல்லாத்தான் பதிஞ்சிருக்கும். நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

மறுபடியும் சென்னைக்குப் போன்.

“பத்துப் பாட்டுக்கு அப்புறம் பதினொண்ணாவதா ஒரு சோதனைச் சத்தம் இருக்குப்பா. மொதல்ல முன்பக்கம் இடது, அப்புறம் நடு, வலதுன்னு ஒவ்வொரு பெட்டியா சுத்தி வரும். அதை வச்சு எந்த ஒயர் எங்கன்னு கண்டுபிடிச்சிரலாம். டிவியில மெனு வருதுல்ல, அதுல பதினொண்ணை மட்டும் ரிபீட்டுல போட்டுருங்க.”

போட்டார்கள். ‘சர்ர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல். ராகமில்லை, தாளமில்லை. ஒரு பெட்டியில் தொடங்கி அடுத்த பெட்டிக்கு நழுவி, மெதுவாக ஹாலைச் சுற்றியது. சுற்றி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து.

ஒரு மணி நேரத்தில் ஒயர்கள் ஒழுங்குக்கு வந்தன, ஒன்றைத் தவிர. சுற்றி வருகிற சத்தம் பின்பக்க இடது மூலைக்கு வந்ததும் செத்துப்போனது.

“சவுண்டு பத்தலை,” என்றார் செபஸ்தியான். இருபத்தைந்து வருட அனுபவத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஆம்ப்பின் சத்தத் திருகைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். இடது மூலை பேசவில்லை. மற்ற நாலும் பேசின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஷோகேஸிலிருந்த பீங்கான் வாத்து தானாக நடந்து விளிம்புக்கு வந்து, செத்த நேரம் யோசித்துவிட்டு, குதித்தது.

“வேளாங்கண்ணியில வாங்குன வாத்து!” என்று ஓடிவந்தாள் ஜோஸ்பின். “காலையில இருந்து என்னங்க இது, எண்ணெய்ச் சட்டியில தண்ணி ஊத்துன மாதிரி? இந்த எழவு இரைச்சலைப் பதிஞ்சவனுக்கு வேற வேலையே இல்லையா?”

“அதான் எனக்கும் தெரியல. பத்துப் பாட்டு அருமையாப் போட்டுட்டு, கடைசியில எவனோ ஒரு கிறுக்கன் கெடுத்து வச்சிருக்கான்.”

மூக்கையா தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்க் கோளாறைக் கண்டுபிடித்தார். “அண்ணே, ஒயரு பீரோ காலுக்கு அடியில நசுங்கிக் கெடக்கு.”

பீரோவை நகர்த்த இடமில்லை. டிவியைத் தூக்கி அடுத்த அறையில் கட்டிலில் வைத்தார்கள். பீரோவை நகர்த்தி, ஒயரை வெட்டி, ஒட்டி, மறுபடி மாட்டினார்கள். இடது மூலை வாய் திறந்தது. ‘சர்ர்ர்’ என்று சத்தம் இப்போது முழு வட்டம் அடித்தது. செபஸ்தியான் மூக்கையாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மணி மூன்றரை. தலைமை ஆசிரியை எப்போதும் மணியடிக்குமுன் வருகிறவள்.

“என்னலே செபஸ்தி, வீட்டைக் காலி பண்றியா?” என்றாள் இஞ்ஞாசியம்மாள், இடம் மாறிக் கிடந்த பீரோவைப் பார்த்து.

அவள் பின்னாலேயே, ஒரு மஞ்சள் பை நிறையக் கத்தரிக்காயோடு சோலைமுத்து வந்தார். கன்னிவாடி விவசாயி. ஊர்த் திருவிழாவுக்கு மைக்செட் எடுக்க வந்து, இருபது வருடத்தில் மாமா, மாப்ள என்று ஆகிப்போனவர். “கெணத்துல இருக்கிற தண்ணிக்கு இம்புட்டுத்தான் காய்ச்சுது மாப்ள. ரெண்டு வருசமா வானம் கண்ணைத் தொறக்கல,” என்று பையை ஜோஸ்பினிடம் கொடுத்தார்.

எல்லோரையும் ஹாலின் நட்டநடுவில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைத்தார் செபஸ்தியான். மைக் இல்லாமலேயே மைக்கில் பேசுகிற குரலில் அறிவித்தார். “இப்ப நீங்க கேக்கப்போறது நம்ம லிடியா பதிஞ்சது!”

ரிமோட்டை அமுக்கினார். பிளேயரின் சின்னக் கண்ணாடியில் எண் வந்தது. 11.

‘சர்ர்ர்ர்...’

அவசரமாக முன்னால் தள்ளினார். 11. பின்னால் தள்ளினார். 11. ரிபீட்டை எடுக்க மெனு வேண்டும். மெனுவுக்கு டிவி வேண்டும். டிவி அடுத்த அறையில் மல்லாந்து கிடக்கிறது. செபஸ்தியானுக்கு வியர்த்து ஊற்றியது. “அக்கா, ஒரு நிமிசம், இது வந்து...”

“சத்தம் போடாத மாப்ள!” என்று சோலைமுத்து கையை உயர்த்தினார். கண்ணை மூடியிருந்தார்.

இரைச்சல் முன்பக்க இடது மூலையிலிருந்து நகர்ந்தது.

“மழை,” என்றார் மெதுவாக. “மலையில எறங்கிருச்சு. அந்தா, தோப்பைத் தாண்டுது... இப்ப நம்ம காட்டுக்கு வருது பாரு... தலைக்கு மேல... ஐயோ, போகுதே, வடக்கால போகுதே...” சத்தம் பின்னால் சுற்றிப் போகப்போக அவர் கழுத்தும் கூடவே திரும்பியது. மறுபடி முன்பக்கம் தொடங்கியதும் முகம் மலர்ந்தது. “வந்துருச்சு, திரும்ப வந்துருச்சு!”

செபஸ்தியான் அக்காவைப் பார்த்தார். அக்கா சேலை முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டிருந்தாள், சாரல் அடிப்பதுபோல.

“இதை நம்ம லிடியாவா பண்ணுச்சு?”

செபஸ்தியான் ரிமோட்டைக் கீழே வைத்தார். “ஆமா,” என்றார்.

சோலைமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார். இஞ்ஞாசியம்மாள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் யாரையும் பாராட்டிப் பழகாத வாய் தடுமாறியது. “தம்பி, அன்னைக்குப் பந்தியில நான் ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு ரூமுக்குள்ள மழையைக் கொண்டாந்துட்டாளே அந்தப் புள்ளை! எனக்குத் தெரியாமப் போச்சு.”

ஐந்து வருடம் காத்திருந்த வார்த்தை. மனசு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் செபஸ்தியானுக்கு நெஞ்சில் முள் குத்தியது. எவனோ பதிந்த இரைச்சலுக்கு என் மகளுக்கு மாலையா? அவள் உண்மையாகப் பண்ணியதை யாரும் இன்னும் கேட்கவே இல்லையே! அவள் பேருக்கு இரவல் பெருமை எதற்கு?

“அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்,” என்றார். “இது பாட்டே இல்ல. ஒயர் சரியா இருக்கான்னு பாக்கப் போடுற சோதனைச் சத்தம். லிடியா பண்ணது மத்த பத்துப் பாட்டு. மிஷின் இதுலயே மாட்டிக்கிச்சு.”

சோலைமுத்துவின் கைதட்டல் நின்றது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

“அப்ப நாங்க சோதனைச் சத்தத்துக்கா கை தட்டுனோம்?” என்றாள் இஞ்ஞாசியம்மாள். அவள் முகம் பழைய தலைமை ஆசிரியை முகமாக மாறியது.

மூக்கையாவும் செபஸ்தியானும் ஓடிப்போய் டிவியைத் தூக்கி வந்தார்கள். மெனு வந்தது. ரிபீட் ஒழிந்தது. முதல் பாட்டு தொடங்கியது.

அதுவல்லவா பாட்டு! பாடகி நேர் எதிரே நின்றாள். வயலின் இடப்பக்கம், புல்லாங்குழல் வலப்பக்கம், பின்னாலிருந்து கோரஸ் தோளில் கை போடுவதுபோல வந்து சேர்ந்துகொண்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. செபஸ்தியான் வாழ்நாளில் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. என் மகள், என் மகள் என்று உடம்பு பூரா சிலிர்த்தது. மூன்று பாட்டு முடிகிறவரை அவர் உட்காரவே இல்லை.

“எப்படி மாமா?”

சோலைமுத்து மரியாதைக்குத் தலையாட்டினார். “நல்லாத்தான் இருக்கு மாப்ள. ரேடியோவுலயும் இப்படித்தான் பாடுவாங்க. அந்த மழையை இன்னொரு தரம் போடேன்.”

“மாமா, அது வெறும் இரைச்சல்!”

“இருக்கட்டும்யா.”

இஞ்ஞாசியம்மாள் கையை நீட்டினாள். “அந்தக் கவரைக் குடு. இம்புட்டுப் பேசுறியே, அவ பேரையாச்சும் எழுத்துப்பிழை இல்லாமப் போட்டிருக்கானான்னு பாப்போம்,” என்றாள்.

செபஸ்தியான் மாதாவுக்குப் பக்கத்திலிருந்த கவரைத் தானே எடுத்து, துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, விடைத்தாள் திருத்துகிற நிதானத்தில் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. இன்னொரு தரம் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏலே, பத்துப் பாட்டும் பதிஞ்சது யாரோ வேற ரெண்டு பேரு, நம்ம புள்ளை பேரு பதினொண்ணாவதுக்கு மட்டுந்தான் போட்டிருக்கு, அந்த மழைக்கு.”