தகட்டண்ணை செய்த மூன்று சில்லு வண்டி

பிள்ளைகளே, கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டாலும் "நீர் ஆர்?" என்று விசாரிக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் நெடுங்கேணிச் சந்தைக்குப் பக்கத்தில் மோட்டர் திருத்தினார். தகட்டண்ணை என்போம். உண்மைப் பெயரைக் கேட்டால், "என்னத்துக்கு?" என்பார். தேத்தண்ணி கொடுத்தால், கொடுத்தவரை முதலில் ஒரு மிடறு குடிக்கச் சொல்வார்.

என் அக்கா ரீச்சர். சிறு வயதுக் காய்ச்சலில் இரண்டு காலும் வழங்காமல் போனவர். நான் சைக்கிளில் ஏற்றிப்போவேன். வயல் வேலையால் பல நாள் பிந்திவிடும். இனியும் பிந்தினால் வேறு ஆளைப் போடுவதாகப் பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். சண்டைக்காலத் தடையால் பெற்றோலைக் கண்ணாலும் காணாத காலம் அது. பற்றரியில் ஓடும் மூன்று சில்லு வண்டி செய்து தருவதாகவும், மண்ணெண்ணெயில் ஓடும் அரிசி ஆலை எஞ்சினில் சார்ஜ் ஏற்றலாம் என்றும் தகட்டண்ணை முன்வந்தார்.

மோட்டருக்குள் சுழலும் இரும்பை அவர் கட்டியாக வைக்கவில்லை. மெல்லிய தகடுகளாக வெட்டி, விளிம்பில் நின்ற பிசிரை அராவி, வார்னிஷ் பூசி, எங்கள் முற்றத்துக் கொடியில் அப்பளம் போலக் காயவிட்டார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"கட்டி இரும்பை நம்பேலாது தம்பி. உள்ளுக்கை கரண்ட் வீணாச் சுத்திச் சூடாக்கும். தகட்டைத் தகடு தொடப்படாது. ரெண்டு பேர் ஒட்டிக்கொண்டு நிண்டாலே சதிதான்."

காய்ந்ததும் அச்சில் கோர்க்கும்படி என்னிடம் சொல்லிப் போனார். வாழ்நாளில் அவர் ஒருவரை நம்பிக் கொடுத்த ஒரே வேலை.

தகடுகள் மங்கிக் கிடந்தன. அக்காவின் வண்டிக்கு இப்படியா? பொங்கலுக்குக் குத்துவிளக்கு மினுக்குவது போல, சாம்பலும் பழப்புளியும் தும்பும் கொண்டு அத்தனையையும் தேய்த்தேன். அரைகுறையாய்க் காய்ந்த பூச்சு கழன்றது. அழுக்குப் போகிறதென்று மகிழ்ந்து, பளபளவென்று இறுக்கிக் கோர்த்தேன். கோர்த்ததைப் பிரித்துப் பாராமலே அதன்மேல் அவர் கம்பி சுற்றினார்.

முதல் நாளே குளக்கட்டில் வண்டி முனகி நின்றது. மோட்டரில் ரொட்டி சுடலாம். அக்கா அன்றும் பிந்தினார். ஒரு கிழமை தவணை தருவதாக அதிபர் சொன்னார். தகட்டண்ணை பற்றரியைச் சந்தேகித்தார். காற்றை, அக்காவின் கொப்பிக் கட்டை, புறப்படும்போது சொன்ன பல்லியை. கடைசியில் மோட்டரைக் கழற்றினார்.

"ஆர் மினுக்கினது?"

"நான்தான் அண்ணை. அழுக்கா இருந்தது."

பூச்சில்லாமல் தகட்டோடு தகடு ஒட்டிக் கிடந்ததைக் காட்டினார். "ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டனான். உன்னை மட்டும் விட்டிட்டன்."

மறுபடி பூசினார், காயும்வரை காவல் இருந்தார், தானே கோர்த்தார். தவணை முடியுமுன் வண்டி சூடேறாமல் ஓடியது. மணியடிக்க முன்னமே அக்கா வகுப்பில் இருந்தார், வேலையும் நிலைத்தது.

ஆனாலும் அந்த மாரி முழுவதும் தகட்டண்ணை அக்காவுக்கு இருபது யார் தூரம் பின்னால் சைக்கிளில் போனார். கேட்டால், மோட்டரில் நம்பிக்கையில்லை என்பார். அவரிடம் ஒரு குறடுகூட இருக்காது. கரியரில் ஒரு குடை மட்டும் இருக்கும். தான் நனைந்தாலும் தனக்கென்று அதை அவர் விரித்து நான் கண்டதில்லை. அக்காவின் வண்டி நின்றால் மட்டும் அக்காவுக்கு மேலே விரிப்பார்.