தையல் டீச்சரைப் பாராட்டிய வரலாறு

மனித நாகரிகத்தைத் தாங்கி நிற்பவர்கள் விஞ்ஞானிகளும் அல்லர், ஞானிகளும் அல்லர். உடற்பயிற்சிக் கூடத்தில் ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு, ஒன்பதாம் நாளோடு வருவதை நிறுத்திக்கொள்கிறார்களே, அவர்கள்தான். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அப்படியொரு கூடத்தில் ஆறு வருடம் மேனேஜராக இருந்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

எங்கள் கூடம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. உறுப்பினர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். டிரெட்மில் மூன்று. ஒன்று ஓடும். இன்னொன்று ஓடுவதுபோல் சத்தம் போடும். மூன்றாவதன் மேல் துண்டு காயும். நானூற்றுப் பன்னிரண்டை மூன்றால் வகுத்துப் பார்க்கும் கெட்ட எண்ணம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை. வராதவர்களின் பெருந்தன்மை அப்படி.

சேர்க்கைப் படிவத்தில் 'உங்கள் லட்சியம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'தொண்ணூறே நாளில் புதிய நான்' என்பார்கள். 'கல்யாணத்துக்குள் இருபது கிலோ' என்பார்கள். ஒருவர் வெறுமனே 'சிங்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். படிக்கும்போதே எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிடும். இவ்வளவு பெரிய லட்சியம் உள்ளவர் இரண்டாவது வாரம் கண்ணில் படமாட்டார்.

அந்தக் கட்டத்தில் தையல் டீச்சர் எழுதியது இதுதான்: 'நாலு மாடி. நடுவில் நிற்காமல்.'

நாற்பத்தாறு வயது. மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே கனத்துப்போன உடம்பு. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்திருந்தார்.

"இது லட்சியம் மாதிரியே இல்லையே டீச்சர். கொஞ்சம் பெரிசா எழுதுங்களேன்."

"எங்க அக்கா நாலாவது மாடில இருக்கா சார். லிஃப்ட் கிடையாது. விழுந்து இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கா. நான் ஏறிப் போறதுக்குள்ள மூணு இடத்துல உக்காந்துடறேன். என் மூச்சுச் சத்தம் அவளுக்குப் படுக்கையிலேயே கேக்குது. 'எனக்காக நீ செத்துத் தொலையாதே, இனிமே வராதே'ன்னு அழறா. அந்தச் சத்தம் அவளுக்குக் கேக்கக் கூடாது. அவ்வளவுதான் சார்."

இவ்வளவு சின்ன லட்சியம் ஆபத்தானது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தார். பத்தாம் நாளும் வந்தார். இருபதாம் நாள் பயிற்சியாளர் என் மேஜைக்கு வந்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம்.

"சார், அந்தம்மா இன்னைக்கும் வந்திருக்காங்க."

"உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்காங்க. இன்னும் பத்து நிமிஷம் நடக்கட்டுமான்னு கேக்கறாங்க. நான் என்ன சார் சொல்றது? எனக்கு முதல் வாரத்துப் பாடம்தானே தெரியும்!"

பாவம், மாஸ்டர். இரண்டாம் வாரத்துக்கு மாணவர் இருந்ததே இல்லை.

நாற்பதாம் நாள் நிலைமை கைமீறியது. டீச்சர் தினமும் போவதைக் கீழே மருந்துக்கடைக்காரர் பார்த்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் வர, அவர் மைத்துனர் வர, காணாமல் போயிருந்த சிங்கமும் திரும்பி வர, காலை ஆறு மணிக்கு இருபத்து மூன்று பேர்! ஓடுகிற டிரெட்மில்லுக்கு வரிசை. ஓடுவதுபோல் சத்தம் போடுவதற்கும் வரிசை. துண்டு காய்கிற மெஷினைத் துண்டை எடுத்துவிட்டுப் பார்த்த ஒருவர், "இதுக்கு ஒயரே இல்லையே!" என்று உரக்கக் கேட்டுவிட்டார். நிறுவனத்தின் மானம் போன நாள் அது.

முதலாளி அவசரக் கூட்டம் போட்டார். பொருள்: 'உறுப்பினர் ஒருவரின் தொடர் வருகை.'

"பயிற்சியைக் கடுமையாக்கிப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தாச்சு சார்," என்றார் மாஸ்டர். "முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு வந்தாங்க."

"கதவைப் பூட்டுங்கய்யா!"

"பூட்டினோம் சார்," என்றேன். "திறக்கற வரைக்கும் நம்ம மாடிப்படியையே ஏறி இறங்கிட்டு இருந்தாங்க. கூட ஏழு பேர்."

"இப்ப எதுவரைக்கும் வந்திருக்காங்க?"

"அக்கா வீட்டுல மூணாவது மாடி வரைக்கும் நிக்காம ஏறிட்டாங்களாம். இன்னும் ஒரு மாடிதான்."

முதலாளி கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் ஓர் ஒளி.

"அந்தம்மாவைப் பாராட்டுவோம்."

பேரறிவு என்பது இதுதான். பத்து நாளில் வாசலில் பன்னிரண்டு அடிக்கு டீச்சரின் படம் எழுந்தது. 'எங்கள் ஊக்கத் தூதர்!' என்று போடச் சொல்லியிருந்தோம். பேனர் அடித்தவர் ஓர் எழுத்தைத் தாராளமாக மாற்றி, 'எங்கள் தூக்கத் தூதர்!' என்று அடித்துவிட்டார். பெரும்பாலான உறுப்பினர்களுக்கு அதுவே பொருந்தியதால் மாற்றவில்லை. கூட்டம் கூட்டிக் கேடயம் கொடுத்தோம். முதலாளி நாற்பது நிமிடம் பேசினார். டீச்சர் கூச்சத்தில் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் ஏறி முடிக்கலையே சார்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"முடிச்ச மாதிரிதான் டீச்சர்!" என்றேன்.

அந்த 'மாதிரி'யில்தான் எல்லாம் இருந்தது. தினமும் ஆறிலிருந்து ஏழு வரை புதிதாகச் சேர்கிறவர்களிடம் அவர் உரையாற்ற வேண்டும் என்று ஏற்பாடு. தலைப்பு: 'நாலு மாடி ஏறுவது எப்படி?' உட்கார்ந்தே பேசலாம். நாற்காலியும் மெத்தை வைத்தது. பிறகு வங்கியில் கூப்பிட்டார்கள், பள்ளியில் கூப்பிட்டார்கள், இன்சூரன்ஸ் கம்பெனியில் கூப்பிட்டார்கள். கார் வந்து அழைத்துப் போகும். ஆறாவது மாடி அரங்கத்துக்கு லிஃப்டில் ஏற்றிச் சென்று, மாடிப்படியின் மகிமையைப் பேசவைத்து, லிஃப்டில் இறக்கிவிடுவார்கள்.

மற்ற இருபத்திரண்டு பேரும் டீச்சரின் படத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததுமே அவர்களுக்கு உடம்பு இளைத்ததுபோல் இருந்தது. அடுத்த வாரம் யாரும் வரவில்லை. மூன்றாவது மெஷினில் மறுபடியும் துண்டு காய்ந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. குரல் மெலிந்திருந்தது, அதிகாரம் மெலியவில்லை.

"என் தங்கச்சி அங்க இருக்காளா? தையல் சொல்லிக் குடுப்பாளே, அவ."

"வங்கியில விடாமுயற்சியைப் பத்திப் பேசப் போயிருக்காங்கம்மா."

"நல்லாப் பேசட்டும். மேல வந்து ஆறு வாரமாச்சு. தினம் அவ போட்டோ மட்டும் போனுக்கு வருது. நான் போட்டோகிட்டயா என்னை எழுப்பி உக்கார வைக்கச் சொல்றது?"

நான் விஷயத்தை டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அன்று மாலை உரை இருந்தது. போகவில்லை. அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டாவது மாடி தாண்டவில்லையாம், படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் ஆறு மணிக்கு மெத்தை நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும். ஒரு மாதம் காலியாகவே இருந்தது.

முதலாளி பதறினார். "தூதர் இல்லாட்டி புதுசா எவன்யா சேருவான்? நேர்ல போய்க் கூட்டிட்டு வா. இந்தத் தடவை இன்னும் பெரிசாப் பாராட்டுவோம்னு சொல்லு."

'ஆண்டின் இரும்புப் பெண்மணி' என்று பொறித்த கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கேடயம் கனத்தது. மூன்றாவதில் கண் இருட்டியது. படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழிருந்து சீரான காலடிச் சத்தம். கையில் பால் பையோடு டீச்சர் ஏறி வந்தார். வாய் மூடியிருந்தது.

"எத்தனையாவது... தடவை... டீச்சர்?"

"இன்னைக்கு மூணாவது. அவளுக்கு எது வேணும்னாலும் ஒவ்வொண்ணா வாங்கிட்டு வர்றேன்."

"எங்க... கூடத்தை... ஏன் விட்டுட்டீங்க? நாங்க... உங்களுக்கு எதுல... குறை வச்சோம்?"

"ஒரு குறையும் வைக்கல சார்," என்றார் டீச்சர். குரலில் கோபமே இல்லை, அதுதான் சுருக்கென்றது. "கதவைப் பூட்டினீங்க, ஏறினேன். முட்டியை உடைச்சீங்க, அப்பவும் ஏறினேன். பாராட்டினீங்க பாருங்க, அதுலதான் உக்காந்துட்டேன்."

சொல்லிவிட்டு மிச்சமிருந்த ஒரு மாடியையும் ஏறிப் போனார். கதவு திறந்தது. நான் மூச்சை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"யாருடி அது, படியில இப்படி மூச்சு வாங்குறது?" என்றது அக்காவின் குரல்.

"ஜிம்முலேருந்து வந்திருக்காருக்கா."

"புதுசா சேந்தவரா?"

"இல்லக்கா. மேனேஜர்."



"ஐயோ பாவம், தண்ணி குடு," என்றார் அக்கா. "குடிச்சதும் கீழ அனுப்பிடு. விட்டா என்னையும் பாராட்டிட்டுப் போயிடுவாரு. அப்புறம் நான் எந்திரிச்சு நடந்த மாதிரிதான்!"